தூங்கிப்போன குல்லாய் வியாபாரி

பகலில் தூங்கிப் பழகியவனை நம்பிப் பத்தொன்பது குழந்தைகளை ஒப்படைக்கக் கூடாது. அந்தப் பகல்தூங்கி நான்தான் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

என் மனைவி மீனாட்சிக்கு மத்திய அரசு நிறுவனத்தில் மாற்றல் வந்து, மதுரையிலிருந்து ஹைதராபாத் வந்தோம். அல்வாலில் வாடகை வீடு. நான் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தில் துணையாசிரியர். இரவுப் பணி, வீட்டிலிருந்தே. எனவே ஊர் நடமாடும் நேரமெல்லாம் எனக்குத் தூங்கும் நேரம்.

மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாகியும் வாய் திறக்கவில்லை. வகுப்பாசிரியை டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்: குழந்தை யாரோடும் பேசுவதில்லை, மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மீனாட்சி அந்த வரியை நான்கு முறை படித்தாள். பிறகு டைரியை மூடிவிட்டு, "பொறந்தநாளுக்கு கிளாஸ்ல இருக்க எல்லாத்தையும் கூப்பிடுவோம். ஒரு பிள்ளையாவது இவளோட சேராமலா போயிரும்?" என்றாள்.

இங்கே பிறந்தநாள் என்றால் அதற்கொரு 'தீம்' வேண்டுமாம். போன மாதம் ஒரு வீட்டில் விண்வெளி, இன்னொரு வீட்டில் கடலடி. நான் என் சின்ன வயதுப் படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினேன். குல்லாய் விற்பவர் மரத்தடியில் தூங்குகிறார். மரத்துக் குரங்குகள் கூடையிலிருக்கும் குல்லாய்களை எடுத்து மாட்டிக்கொள்கின்றன. விழித்தெழுந்தவர் வெறுத்துப்போய்த் தன் குல்லாயைக் கழற்றித் தரையில் எறிகிறார். குரங்குகளும் அப்படியே எறிகின்றன. நூறு பேருக்கு நூறு பேரும் அறிந்த கதை. (மதுரையில்.)

"பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியாதேங்க" என்றாள் மீனாட்சி.

"நடிப்புக்கு மொழி எதுக்கு?" என்றேன். அப்போது அது நல்ல வாக்கியமாகத்தான் தெரிந்தது.

செகந்திராபாத் கடைத்தெருவில் ஒரு தையற்காரரிடம் இருபத்தொரு சிவப்புக் குல்லாய்கள் தைத்து வாங்கினேன். மொட்டைமாடியில் மூங்கில் கழி நட்டு, பச்சைக் காகிதம் சுற்றி மரமாக்கினேன். நிமிடவாரியாக நிகழ்ச்சி நிரல் தயாரித்து மாடிக் கதவில் ஒட்டினேன். 4.10: வியாபாரி வருகை. 4.20: வியாபாரி தூக்கம். தூக்கத்துக்கு நான் ஒதுக்கியிருந்த நேரம் இரண்டு நிமிடம்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு அம்மாக்கள் கேட்டருகே பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். பத்தொன்பது பேர். யாழினி புதுப் பாவாடையோடு தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றாள். யாரும் அவளிடம் போகவில்லை, அவளும் யாரிடமும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, கேக் கொண்டுவர வேண்டிய ஆள் வர முடியாதென்று போன் செய்தார்.

"நானே ஏ.எஸ்.ராவ் நகர் போய் வாங்கியாந்துர்றேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள் மீனாட்சி. "பிள்ளைகள எண்ணிக்கிட்டே இருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வேட்டி, நெற்றியில் பட்டை, மீனாட்சியின் கண்மையால் வரைந்த மீசை, தலையில் குல்லாய், குல்லாய்மேல் கூடை. இந்தக் கோலத்தில் மாடியைச் சுற்றி வந்து நல்ல தமிழில் முழுக் கதையையும் சொன்னேன். குழந்தைகள் மிக மரியாதையாகக் கேட்டார்கள். (புரியாதபோது குழந்தைகள் அப்படித்தான் கேட்பார்கள் என்பது பின்னால் தெரிந்தது.) காகித மரத்தடியில் பாய் விரித்து, கூடையைப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன். நவம்பர் வெயில் இதமாக இருந்தது. முந்தைய நாள் பணி முடிந்து மூன்று மணி நேரமே தூங்கியிருந்தேன். உண்மையாகத் தெரிவதற்காக லேசாகக் குறட்டை விட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

விழித்தபோது மணி 4.55. கூடை காலி. கதையிலும் அப்படித்தான் என்பதால் முதலில் திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மாடியும் காலி.

என் தொழில்புத்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனதில் முதலில் ஓடியது ஒரு தலைப்பு: 'பிறந்தநாள் விழாவில் 19 குழந்தைகள் மாயம்.' அடுத்து துணைத் தலைப்பு: 'தூங்கிய தந்தையிடம் விசாரணை.' மூன்றாவதாகத்தான் கால்கள் அசைந்தன. வீட்டுக்குள் இல்லை, குளியலறையில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிரே சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி, தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார்.

"கைக்கு ஓடுறே?"

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக செகந்திராபாத் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் 'ஏன்'. அவர் வீட்டுக் கொய்யா மரத்தை யாராவது நிமிர்ந்து பார்த்தாலே ஜன்னலிலிருந்து "நக்கோ", அதாவது வேண்டாம், என்று குரல் வரும். அதனால் நாங்கள் அந்தப் பக்கம் குனிந்தே நடப்போம். இப்போது கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, பிள்ளைங்க..."

"ஹவ், ஆமா, எல்லாம் இங்கதான் இருக்கு. பத்தொம்பது, அப்புறம் உம் பொண்ணு. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். உன்ன எழுப்பலாம்னு மாடிக்கு வந்தேன். நீ விட்ட கொறட்டையக் கேட்டு பாவம்னு விட்டுட்டேன்."

"உங்க கேட்டை யாரு தொறந்தா?"

"நான்தான். உம் பொண்ணு வந்து கேட்டுச்சு. ஆன்ட்டி, எங்கப்பா செஞ்ச மரம் ஏற முடியாத மரம், கொஞ்ச நேரம் உங்க மரத்தைத் தாங்கன்னு. எவ்ளோ மரியாதையா கேட்டுச்சு தெரியுமா, தெலுங்குல."

"அவளுக்குத் தெலுங்கு தெரியாதேக்கா. அவ பேசவே மாட்டா."

"ஹவ்வா? அங்க பாரு."

பார்த்தேன். மரம் தாங்கியது ஆறு பேரை. மற்றவர்கள் மதில்மேலும், கவிழ்த்துப் போட்ட டிரம்கள்மேலும் வரிசையாக இருந்தார்கள். எல்லார் தலையிலும் சிவப்புக் குல்லாய், எல்லார் கையிலும் கொய்யா. தாழ்ந்த கிளையொன்றில் உட்கார்ந்து, யார் எங்கே உட்கார வேண்டும், யார் எப்போது கத்த வேண்டும் என்று சரளமான தெலுங்கில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். ஐந்து மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை, காதைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள். நான் சொன்ன கதையையும் அவள்தான் அவர்களுக்கு மொழிபெயர்த்திருந்தாள்.

"யாழினி, எல்லாரையும் இறங்கச் சொல்லும்மா."

"மாட்டேன்ப்பா. நீங்க இன்னும் கோபப்படல. கதைல அவரு கோபப்படுவாரு."

நான் கெஞ்சினேன். இருபது குரங்குகளும் என் குரலில் திருப்பிக் கெஞ்சின. இடுப்பில் கை வைத்தேன். இருபது இடுப்புகளில் கை ஏறியது. கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்று, யாரோ ஒரு அம்மா முன்கூட்டியே வந்து இறங்குவது தெரிந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குல்லாயைக் கழற்றினேன். முடிந்தவரை வெறுப்போடு தரையில் எறிந்தேன்.

உடனே அவர்களும் எறிந்தார்கள். குல்லாயை அல்ல. புதுக் குல்லாயை எந்தக் குழந்தை எறியும்? கையிலிருந்த கொய்யாவை எறிந்தார்கள். பாதி கடித்தது, கடிக்காதது, காய், பழம். முதல் காய் மூக்குக்கண்ணாடியைத் தள்ளியது. இரண்டாவது மீசையை அழித்தது. மூன்றாவது முதல் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. குனிந்தபோது, கேக் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டருகில் மீனாட்சி நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மூன்று அம்மாக்கள்.

"நான் முக்கா மணி நேரந்தானங்க வெளிய போனேன்" என்றாள்.

"நல்லாத்தான் போச்சு" என்றார் ஸ்டெல்லா அக்கா. "கேக்க இங்கயே வெட்டுங்க. அவனுங்க எறங்க மாட்டானுங்க."

கேக் கொய்யா மரத்தடியில் வெட்டப்பட்டது. முதல் துண்டு யாருக்கென்பதில் யாழினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சண்டை போட்டார்கள். மீனாட்சி என் சட்டையிலிருந்து கொய்யா விதைகளைத் தட்டிவிடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறாள், மகளைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. "நான் சாப்பிடலம்மா, எல்லாரும் எடுத்துட்டாங்க" என்றாள் யாழினி. அந்தப் புகாரை நாங்கள் இருவரும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி வாசலில் இன்றும் நான் 'டோப்பி அங்கிள்', குல்லாய் மாமா. அந்த வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாக, "நித்ர அயிந்தா?" என்று தூக்கம் முடிந்ததா என விசாரிக்கிறார்கள். நான் எழுதிய நிகழ்ச்சி நிரலை மீனாட்சி கிழிக்கவில்லை. 'தூக்கம்: இரண்டு நிமிடம்' என்பதன்கீழ் சிவப்புக் கோடு போட்டுப் படுக்கையறைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

பகலில் நான் கண்ணை மூடினால் போதும், கூடத்திலிருந்து அவள் பிள்ளைகளை எண்ணும் சத்தம் கேட்கும்.

"ஒண்ணு."

எங்களுக்கு ஒரே பிள்ளைதான். இருந்தாலும் இரண்டு வாட்டி எண்ணுகிறாள்.