கோட்டு போடும் ராத்திரி

“நாளைக்கு வாங்க சார். கண்டிப்பா ரெடியாயிடும்.”

இதைக் கேட்டதும் முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அது அவருடைய வாக்கியம். சொந்தமாகச் சலவைக்கடை வைத்திருக்கிறவர் அவர். கடையில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவர் கற்றுக்கொடுப்பது துணி வெளுப்பதை அல்ல, இந்த வாக்கியத்தைத்தான். அவர் மட்டும் பின்பக்கம் பாய்லர் ஓரமாக இருந்துகொள்வார். கவுண்டரில் நின்று திட்டு வாங்குவதற்குத்தானே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்! அந்த வாக்கியத்தை இன்று ஒருவன் நடுக்கடலில், கப்பல் லாண்டரி கவுண்டரில் நின்றுகொண்டு, வாய் கூசாமல் அவரிடமே சொல்கிறான்.

“நாளைக்கு வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? இன்னைக்கு ராத்திரிதான் கோட்டு போடற ராத்திரி! கடைசி ராத்திரி!”

“மிஷின் ரிப்பேர் சார்,” என்றான் கவுண்டர்காரன். நடுத்தர வயசு, அடர்த்தியான மீசை, முதலாளியின் உயரம்.

“காலையில ஓடுச்சே? சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சே?”

“அது ஓடற மிஷின் சார். ரிப்பேரானது வேற.”

“சரி, கையால தேய்ச்சுக் குடு.”

“தேய்க்கிற ஆளு லீவு.”

“நடுக்கடல்ல எங்கய்யா லீவுல போனான்? நீந்திக்கிட்டா போனான்?”

கவுண்டர்காரன் சீட்டுகளை அடுக்கினான். இதுவும் முதலாளி கற்றுக்கொடுக்கிற பாடம்தான். கேள்வி கிடுக்கிப்பிடியாக வந்தால் எதையாவது அடுக்கு.

அந்தக் கப்பலில் பகலெல்லாம் அரைக்கால் சட்டையோடு எங்கே வேண்டுமானாலும் திரியலாம். ஆனால் ‘ஃபார்மல் நைட்’ என்று இரண்டு ராத்திரிகளை வைத்து, அன்று மட்டும் கோட்டு இல்லாத ஆண்களைப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். முதல் ஃபார்மல் நைட் ஏற்கெனவே நாசமாகிவிட்டது. கப்பல் ஏறும்போதே முதலாளியின் பெட்டியைத் திறந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அறைக்குள் அது இருந்தால் தீப்பிடிக்குமாம். “உங்க கப்பல் எரியாம இருக்க நான் கசங்கின கோட்டு போடணுமா?” என்று அவர் அங்கேயே ஒரு ரகளை பண்ணிப் பார்த்தார். பலிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்த கோட்டு முறுக்கிப் பிழிந்த துண்டு மாதிரி இருந்தது. ஊர்ச் சட்டையெல்லாம் தேய்த்துக் கொடுக்கிறவர் கசங்கிய கோட்டோடு நாலு பேர் முன்னால் போவாரா? மாட்டேன் என்றுவிட்டார். அவர் மனைவி மத்தியானமே கட்டிய புடவையோடு கட்டிலில் உட்கார்ந்து, அறைக்கு வந்த தட்டில் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவள் கேட்டது ஒரே ஒரு போட்டோ. கல்யாணத்தன்று போட்டோக்காரன் பளிச் பளிச்சென்று நாள் முழுக்க எடுத்தான். பிறகு மாசக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கேமராவில் ஃபிலிமே மாட்டவில்லை என்றான். அதற்கப்புறம் ஜோடியாக நின்று போட்டோ எடுக்க முதலாளிக்கு நேரம் வாய்க்கவில்லை. கடை, கடை, கடை. இப்போது மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். “அந்தக் கூடத்துப் படிக்கட்டுல அம்மாவோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வாங்கப்பா. அது இல்லாம வீட்டுப்பக்கம் வராதீங்க.” இன்றைக்கு விட்டால் அந்தப் போட்டோ இந்த ஜென்மத்தில் இல்லை.

அந்தப் பயத்தில்தான் முதலாளி மானத்தை விட்டு, கோட்டைக் கப்பல் லாண்டரியில் போட்டிருந்தார்.

“என் கோட்டு இப்ப வந்தாகணும்!” என்று மேஜையைத் தட்டினார்.

கவுண்டர்காரன் உள்ளே போய் உறையில் ஒரு கோட்டோடு வந்தான். “அடடா, ரெடியாத்தான் இருக்கு சார். உங்க நம்பர்தான்.”

“இது நீலம். நான் குடுத்தது கறுப்பு.”

“துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும் சார்.”

“சுருங்கினா கலர் மாறுமாடா?”

“கடல் காத்து சார்.”

முதலாளி அவன் மீசையைப் பிடித்து இழுத்திருப்பார். அவருக்குப் பின்னால் சட்டைகளோடு நின்றிருந்த பக்கத்து அறைக்காரர்தான் தோளைத் தொட்டுச் சமாதானப்படுத்தினார். சாதுவான மனிதர். பேசுவதே காதில் பாதிதான் விழும்.

“விடுங்க சார். லாண்டரிக்காரங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.”

“எல்லாரும் அப்படி இல்ல சார்!” என்று முதலாளி அவர்மேலும் எரிந்து விழுந்துவிட்டு, நீலக் கோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்.

அறையில் மனைவி பூப்போட்ட கைப்பையைக் கூட எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். முதலாளி நீலக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தார். இரண்டாவது கையை நுழைத்தார். மூச்சை உள்ளே இழுத்துப் பட்டனைப் போட்டார். மூச்சை விட்டார். முதுகில் டர்ரென்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஜன்னல் திறந்துகொண்டது.

“அப்பவே சொன்னேன், புதுசா ஒண்ணு தைச்சுக்குங்கன்னு,” என்றாள் மனைவி.

“ஒரு ராத்திரிக்கு ஒரு கோட்டா? நல்ல கோட்டு கைவசம் இருக்கும்போது எதுக்குடி புதுசு?”

“கைவசம் இருக்கறதெல்லாம்…” என்று ஆரம்பித்தவள், அவர் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டாள்.

“அந்த மீசைக்காரனை இன்னைக்கு நான் என்ன பண்றேன் பாரு.”

“அவனை அப்புறம் பண்ணலாம். முதல்ல கோட்டுக்கு வழி பண்ணுங்க.”

மேல்தளத்தில் கோட்டு வாடகைக்குக் கொடுக்கிற கடை இருந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க ஏறிப் போனார்கள். கம்பியில் வெறும் ஹேங்கர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தன. “கடைசிக் கோட்டு இப்பத்தான் போச்சு,” என்று கடைக்காரப் பெண் கையைக் காட்டினாள். பக்கத்து அறைக்காரர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். கோட்டு அவருக்கு ரொம்பப் பெரிசு. கோட்டுக்கை விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது.

“நீங்க வேணும்னா இதை எடுத்துக்குங்க சார்,” என்றார் அவர்.

“வேண்டாம்!” என்று கத்தினார் முதலாளி. பிறர் கருணை காட்டினால் அவருக்குக் கோபம் இன்னும் ஏறும்.

“அப்ப நாடக அரங்கத்துல கேட்டுப் பாருங்க. உடுப்பு அறையில ஒரு அம்மா இருக்காங்க. நல்ல மாதிரி.”

நல்ல மாதிரிதான். அந்த அம்மா முதலாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பளபளவென்று ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். பின்னால் இரண்டு வால் தொங்கியது. ஆனால் கச்சிதமாக இருந்தது.

“மேஜிக் பண்றவரோடது. இன்னைக்கு அவருக்கு ஓய்வு. பைக்குள்ள மட்டும் கையை விட்டுடாதீங்க.”

“எதுக்கு விடறேன்?” என்றார் முதலாளி.

கூடத்து வாசலில் கூட்டம். ஓடி வந்ததில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பழக்க தோஷம். கைக்குட்டைக்காகப் பைக்குள் கையை விட்டார். சிவப்புக் கைக்குட்டை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. திணிக்கப் பார்த்தபோது காலர் பக்கத்திலிருந்து ஒரு காகிதப் பூச்செண்டு பட்டென்று விரிந்து அவர் மூக்கில் இடித்தது. வரிசையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒரு அம்மாள், “என் மோதிரத்தை மறைய வைங்க பார்ப்போம்!” என்று விரலை நீட்டினாள்.

“நான் மேஜிக்காரன் இல்லம்மா! சலவைக்காரன்!”

அதற்கும் சிரித்தார்கள்.

முதலாளியின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. கைக்குட்டைகளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தவரை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்தில் முதல் முறையாக.

“இந்தக் கோட்டே போதுங்க. கோட்டு எதுவா இருந்தா என்ன, உள்ள இருக்கறது நீங்கதானே? வாங்க, நிப்போம்.”

அந்த வார்த்தையில் அவர் கொஞ்சம் இளகினார் என்பது உண்மை. படிக்கட்டில் அவள் பக்கத்தில் நின்றார். அவள் தலையை லேசாக அவர் தோள் பக்கம் சாய்த்தாள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். “சார், கொஞ்சம் சிரிங்க.”

முதலாளி சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்போது போட்டோக்காரரின் தோளுக்கு மேலே, கூடத்தின் மூலை மேஜையில், அவர் லாண்டரியில் போட்ட அதே கறுப்புக் கோட்டு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மேலே அடர்த்தியான மீசை.

“ஏய்!”

மனைவியின் கை பிடிமானம் இல்லாமல் காற்றில் நின்றது. முதலாளி நாற்காலிகளை இடித்துக்கொண்டு, கைக்குட்டைத் தோரணம் பின்னால் பறக்க, மூலை மேஜைக்குப் பாய்ந்தார். கவுண்டர்காரனின் ஸ்பூன் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. தேய்த்து, மடிப்புக் கலையாமல், அவனுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது கோட்டு. தனக்குத் தொப்பையில் இறுக்கிய இடம்கூட அவனுக்கு இறுக்கவில்லை என்பதைப் பார்த்ததும் முதலாளிக்கு மிச்சமிருந்த நிதானமும் போயிற்று. காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

“மிஷின் ரிப்பேரா? ஆளு லீவா? கழட்டுடா!”

“சார், மெதுவா…” அவன் குரல் கிசுகிசுத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை ஓரக்கண்ணால் காட்டினான். “சமையல்கட்டுல வேலை பாக்கறா. கட்டிக்கப் போற பொண்ணு சார். என்னை ஒரு தடவையாவது கோட்டுல பாக்கணும்னு ஆசைப்பட்டா. ஒரே ராத்திரி போட்டுட்டு, காலையில தேய்ச்சு, உறை போட்டுக் குடுத்துடலாம்னு…”

“ஊரான் வீட்டுக் கோட்டைப் போட்டுக்கிட்டு உனக்கு ஐஸ்கிரீம் கேக்குதா?”

மேலாளர் ஓடி வந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பக்கத்து அறைக்காரர் தொங்குகிற கோட்டுக்கையோடு வந்து, “சார், சார், பி.பி. ஏறிடும்,” என்று முதலாளியின் முழங்கையைப் பிடித்தார்.

“சார், இது உங்க கோட்டுதான்னு நிச்சயமா தெரியுமா?” என்றார் மேலாளர் பணிவாக.

“தெரியுமாவா?” முதலாளி கோட்டை அவன் உடம்பிலிருந்து உரித்தெடுத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். “ஊதா லைனிங்! இடது உள்பையைப் பாருங்க. கிழிஞ்சு பச்சை நூல்ல தைச்சிருக்கு. இதை என் கையால சுத்தம் பண்ணியிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“ஏங்க, கிடைச்சிடுச்சில்ல, போதும், வாங்க,” என்று மனைவி அவர் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை.

“நீ சும்மா இரு! இன்னைக்கு விடறதா இல்ல. இவன் வேலை போகணும். இல்லேன்னா இந்தக் கப்பலை விட்டு நான் இறங்க மாட்டேன்!”

சமையல்கட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கவுண்டர்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். முதலாளிக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கூடமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் தானாக ஏறியது.

“நான் யாருன்னு தெரியுமாடா உனக்கு? மார்க்கெட் முனையில, மணிக்கூண்டுக்கு எதிர்ல, மஞ்சள் போர்டு வச்ச சலவைக்கடை என்னுது! எங்க தொழிலுக்கே ஒரு மரியாதை இருக்குய்யா! துணின்னா என்னன்னு நினைச்சே? ஒருத்தன் நம்பிக் கழட்டிக் குடுத்துட்டுப் போறது! அதை எடுத்து மாட்டிக்கிட்டுத் திரியறவன் திருடன்! திருடனை விடக் கேவலம்!”

கூடம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. படிக்கட்டிலிருந்து ஓடி வந்த போட்டோக்காரர் இந்தச் சமயம் பார்த்துப் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். கழுத்தில் கைக்குட்டைத் தோரணம், மூக்குப் பக்கம் பூச்செண்டு, கையில் கோட்டு, பக்கத்தில் தலையில் கை வைத்த மனைவி. ஜோடியாக.

கைதட்டல் அடங்கியபோது பக்கத்து அறைக்காரர் முதலாளியின் முழங்கையை விட்டுவிட்டிருந்தார். கொஞ்ச நேரமாகவே அவர் அந்த ஊதா லைனிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான கோட்டுக்கையை மடித்து, விரலை வெளியே எடுத்து, பச்சை நூல் தையலை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார்,” என்றார் அதே பாதிக் குரலில். “மணிக்கூண்டு எதிர்ல, உங்க கடையிலதான் போன மாசம் இந்தக் கோட்டைச் சலவைக்குப் போட்டேன்.”