மூன்றாம் இன்னிங்ஸில் எழுந்துபோகிறவர்

பேஸ்பால் மைதானத்துக்குள் நுழைந்ததும், ஆட்டத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தேடுங்கள். அவர்தான் ஆள் பார்ப்பவர். தொழில் பெயர் ஸ்கவுட். மட்டைக்காரனுக்கு நேர் பின்னால், பந்து படாமலிருக்கக் கட்டிய வலைக்கு இந்தப் பக்கம், வைக்கோல் தொப்பியும் கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரமும் கையில் பந்தின் வேகத்தை அளக்கும் துப்பாக்கியும் மடியில் குறிப்பேடும் வாயில் சூரியகாந்தி விதையுமாக உட்கார்ந்திருப்பார். மூவாயிரம் பேர் எழுந்து நின்று கத்தும்போது அவர் மட்டும் அசையமாட்டார். மூவாயிரம் பேரும் உட்கார்ந்து ஹாட் டாக் தின்னும் நேரத்தில் அவர் மட்டும் எழுந்து நிற்பார். ஏன்? ஓரத்தில் ஒரு மாற்று வீரன் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறான். அவன் தொடையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் டன்ஹாம் ஃபெரி ஊர்க் குழுவின் ஆட்டங்களைப் பதினாறு கோடைகாலமாகப் பத்திரிகைக்கு எழுதிவருகிறேன். எங்களுடையது மைனர் லீக் குழு. இங்கே விளைகிற பையன்களில் நூற்றுக்கு ஐந்து பேர் பெரிய லீக்குக்குப் போவார்கள். மற்றவர்கள் காப்பீடு விற்கப் போவார்கள். அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்துவதுதான் ஆள் பார்ப்பவரின் வேலை. நாற்பது பேரையாவது பார்த்திருக்கிறேன். ஒருவரைச் சொன்னால் போதும், மற்றவர்கள் தொப்பி அளவில்தான் மாறுவார்கள். ஆகவே வெர்னன் ஹாகெட்டைச் சொல்கிறேன்.

வெர்னனுக்கு மனிதன் என்றால் ஐந்து கருவிகள். ஓட்டம், எறி, பிடி, அடி, பலம். ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பதுக்குள் மதிப்பெண். ஏன் பூஜ்யத்தில் தொடங்கி நூறில் முடியவில்லை என்று ஒருமுறை கேட்டேன். என்னையே மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முப்பத்தைந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பழக்கம் மைதானத்தோடு நிற்பதில்லை. உணவகத்தில் நான்கு தட்டுகளை ஒரே கையில் ஏந்திவரும் பெண்ணைப் பார்த்து, "மணிக்கட்டு அறுபது" என்று முணுமுணுப்பார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்தேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "இடுப்பு நல்லா சுத்துது" என்றார்.

அவர் எதைப் பார்ப்பதில்லை? ஆட்டத்தை. ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் மட்டைப் பயிற்சிக்கு முதல் ஆளாக வருவார். அதில் ஒவ்வொருவனும் காற்றை எப்படிக் கிழிக்கிறான், ஓடும்போது முழங்கால் எவ்வளவு உயர்கிறது, சட்டைக்குள் தோள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவது முடிவதற்குள் குறிப்பேட்டை மூடி, விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பி, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். மீதி ஆறு இன்னிங்ஸில் என்ன நடந்தது என்று கேட்டால், அது வெறும் முடிவு என்பார். முடிவைப் பார்க்கப் பத்திரிகை இருக்கிறதாம்.

இந்த முறைப்படி அவருடைய பட்டியலில் முதலிடம் பிடித்தவன் டெவ்லின் குரோ. இருபது வயது, ஆறடி நாலங்குலம், பேருந்திலிருந்து இறங்கினாலே சிலை இறங்குவதுபோல இருக்கும். மட்டை பிடித்து ஐந்து முறை நின்றால் ஒருமுறைகூட உருப்படியாக அடிக்கமாட்டான். வெர்னனுக்கு அதனால் கவலை உண்டா? பந்து ஒரு முழம் தள்ளிப் போக, குரோ மட்டையைச் சுழற்றித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விழுந்த ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தீங்களா பேப்பர்காரரே? தோக்கறதுகூட என்ன அழகா தோக்கறான்."

பட்டியலில் முப்பத்துநான்காவது ஆன்செல் ப்ரூபேக்கர். இருபத்தைந்து வயது, ஐந்தடி ஏழங்குலம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சீருடை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வந்ததுபோல இருப்பான். மூன்று முறை நின்றால் ஒருமுறை நிச்சயம் அடிப்பான். மூன்றுக்கு ஒன்று என்பது இந்த ஆட்டத்தில் சிலை வைக்க வேண்டிய விகிதம். ஐந்து வருடமாக அப்படித்தான் அடிக்கிறான். வெர்னனிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணில் இரக்கம் தெரிந்தது. ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவன் இனிமேல் எங்கே வளரப்போகிறான் என்று கேட்டார். குரோவுக்குத்தான் வளர எவ்வளவு இடம் இருக்கிறது.

இதே இனத்தில் இன்னொரு கிளை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் வெர்னன் என்மேல் கோபித்துக்கொள்வார். தலைமை அலுவலகத்தில் இங்க்ரிட் பாஷ் என்று ஓர் அம்மாள். முடிவுகளைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். மைதானத்துக்கு வந்தால் கண் நம்மை ஏமாற்றிவிடும் என்பதற்காகவே வருவதில்லை. ஆன்செல் எதிரே வந்து வணக்கம் சொன்னாலும் அடையாளம் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் இடக்கைக்காரர்கள் எறியும் பந்தை அவன் எப்படி அடிப்பான் என்பது தெரியும். அவர் பட்டியலில் ஆன்செல் மூன்றாவது, குரோ முப்பத்தொன்பதாவது. வெர்னன் அவரைக் 'கால்குலேட்டர்' என்பார். அவர் வெர்னனைத் 'தையல்காரர்' என்பார், உடம்பை அளக்கிறார் அல்லவா. இருவரும் பதினோரு வருடமாக ஒரே முதலாளிக்கு எழுதுகிறார்கள். முதலாளி இருவரையும் நம்புகிறார். ஆகவே யாரையும் நம்புவதில்லை.

ஜூலை வந்தது. ஜூலையில் புதுப் பையன்களை எடுப்பார்கள். பழைய பையன்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை, பட்டியலில் முப்பதாவது இடத்துக்குக் கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கை குலுக்குவார்கள். கை குலுக்கினால் முடிந்தது. ஆன்செலை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று இரண்டு பட்டியலும் சண்டை போட, முதலாளி வழக்கம்போல வெர்னனிடம் அவனை இன்னொருமுறை பார்த்துவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது.

ஆன்செலுக்கு வெளியே போனால் பிழைப்பில்லாமல் இல்லை. நெப்ராஸ்காவில் மாமனாரின் தானியக் கிடங்கு இருக்கிறது. மாமனார் தங்கமானவர், மருமகனுக்கு மேசைகூட வாங்கிப் போட்டுவிட்டார். அந்த மேசையை நினைத்தால்தான் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று ஆன்செல் என்னிடம் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததும் வேண்டியதும் இந்த ஆட்டம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பயிற்சியாளர் ஹெக்டர் ஓன்டிவெரோஸ் அவனை வீரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் குள்ளமாக இருந்து நன்றாக அடித்து, நன்றாக அடித்ததாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நான் பேட்டிக்காகப் பக்கத்தில் காத்திருந்தேன். என்னைப் பொருட்படுத்தவில்லை.

"தம்பி, அந்தாளு மூணாவது இன்னிங்ஸ்ல எழுந்து போயிருவாரு. அதுக்குள்ள நீ ரெண்டு அடி அடிச்சாலும் குனிஞ்சு எழுதிட்டுதான் இருப்பாரு. அவரு நிமிந்து பாக்கறது மட்டைப் பயிற்சிய மட்டும்தான்."

"பயிற்சில நல்லாத்தான அடிக்கறேன் தலைவரே. நேரா, தாழ்வா, ஆளில்லாத எடத்துக்கு."

"அது ஆட்டத்துக்கான பயிற்சி. இன்னிக்குப் பயிற்சிக்காகப் பயிற்சி பண்ணு. தூக்கி அடி. என்ன ஆனாலும் தூக்கி அடி."

"ஆட்டத்துல அப்படி அடிச்சா அவுட் ஆயிருவேன்."

"ஆட்டத்துல யாரு அடிக்கச் சொன்னா?"

நாலரை மணிக்குப் பயிற்சி. ஓன்டிவெரோஸ் தானே பந்து எறிய நின்றார். இடுப்பு உயரத்துக்கு, மாமியார் வீட்டில் இலையில் பரிமாறுவதுபோல மென்மையாக எறிந்தார். காற்று ஆற்றுப்பக்கமாக, இடது வேலியை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. கொடிக்கம்பத்துக் கொடி இஸ்திரி போட்டதுபோல விறைத்து நின்றது. ஆன்செல் முதல் இரண்டு பந்தையும் தலைக்கு மேலே தூக்கி, பயிற்சிக்காகத் தன்னைச் சுற்றி நிறுத்தியிருந்த கூண்டின் வலையில் அடித்தான். மூன்றாவது பந்து வேலியைத் தாண்டியது. நான்காவது தாண்டி டிராக்டர் விளம்பரத்தில் பட்டது. அதன்பின் வரிசையாக ஐந்து. கடைசிப் பந்து வாகன நிறுத்தத்தில் போய் விழுந்து, எங்கோ ஒரு காரின் அலாரம் அலற ஆரம்பித்தது.

வெர்னன் விதை மெல்வதை நிறுத்தினார். பதினாறு வருடத்தில் அதை நான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

"யாரு இவன்?"

"ஆன்செல். அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கான்."

"இந்தத் தோளு எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து கூடவேதான் இருக்கும்னு நெனைக்கறேன்."

அவர் காதில் விழவில்லை. 'பலம்: அறுபது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். கொடியை அண்ணாந்து பார்த்தாரா? கொடிக்கு மதிப்பெண் கிடையாதே, ஏன் பார்க்க வேண்டும்? ஆட்டம் தொடங்கியது. முதல் இன்னிங்ஸிலும் மூன்றாவதிலும் ஆன்செல் வழக்கம்போல நேராக, தாழ்வாக, ஆளில்லாத இடத்துக்கு அடித்து ஓடினான். அந்த இரண்டு நேரமும் வெர்னன் அவனுடைய தோளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போனார்.

திங்கட்கிழமை நான்கு பேருடன் கை குலுக்கினார்கள். ஆன்செலைக் கூப்பிடவில்லை. வெர்னனின் பட்டியலில் அவன் ஒன்பதாவது இடத்துக்கு ஏறியிருந்தான். ஓன்டிவெரோஸ் அவன் தொப்பியைக் கண் மறைக்கும்படி இழுத்துவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முப்பத்துநான்காவது ஆளை யாரும் திருத்த வரமாட்டார்கள். ஒன்பதாவது ஆளைச் சும்மா விடமாட்டார்கள். புதன்கிழமையே தலைமை அலுவலகத்திலிருந்து மட்டை நிபுணர் ஒருவர் இறங்கினார். அறுபது மார்க் பலத்தை வைத்துக்கொண்டு இந்தப் பையன் ஏன் தட்டித் தட்டி ஓடுகிறான் என்று வருத்தப்பட்டார். காலை அகட்டினார், முழங்கையை உயர்த்தினார், எந்தப் பந்தாக இருந்தாலும் வானத்துக்கு அடி என்று உத்தரவு போட்டார். ஆட்டத்தில் எறிபவர்கள் ஓன்டிவெரோஸ் மாதிரி பாசமாக எறிவார்களா? மூன்றுக்கு ஒன்று அடித்தவன் ஐந்துக்கு ஒன்று என்று ஆனான். ஆகஸ்ட் நடுவில் வெர்னனின் பட்டியலில் நான்காவது. இங்க்ரிட்டின் பட்டியலில் நாற்பத்தொன்று. முதலாளி, ஜூலையில் இதே இரண்டு பட்டியலுக்கு நடுவில் குழம்பியது நினைவில்லாமல், இந்தமுறை வெர்னனை நம்பி அவனை ஒரு படி மேலே உள்ள குழுவுக்கு ஏற்றச் சொன்னார்.

பேருந்து கிளம்பும் காலையில் அவனைப் பார்க்கப் போனேன். மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"போன மாசம்வரைக்கும் அடிச்சேன், எவனும் பேரு கேக்கல. இப்ப அடிக்கறதில்ல, கையெழுத்து கேக்கறாங்க" என்றான். "மேல போறேன் சார். ஆனா மேல இருக்கறவனுங்களோட இந்த அடிய வெச்சிக்கிட்டு ஆட முடியாது. ரெண்டு மாசத்துல அந்த மேசைதான்."

"பழைய அடி மறந்துபோச்சா?"

"மறக்கல. ஆனா அடிச்சா நிபுணர் திட்டுவாரு."

"நிபுணர் ஆட்டம் பாக்கறாரா?"

அவன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

புது ஊரிலிருந்து வந்த செய்திகளைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் கவனித்துவந்தேன். தினமும் நாலரை மணிக்கு ஆன்செல் ப்ரூபேக்கர் வேலிக்கு வெளியே பந்துகளை அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியதும் நேராக, தாழ்வாக, ஆளில்லாத இடத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறான். பயிற்சி வெர்னனுக்கு, ஆட்டம் இங்க்ரிட்டுக்கு. செப்டம்பர் பட்டியல்களில் வெர்னனுக்கு அவன் இரண்டாவது, இங்க்ரிட்டுக்கும் இரண்டாவது. அடுத்த வசந்தத்தில் பெரிய லீக் முகாமுக்கு அழைப்பு வந்துவிட்டது. நெப்ராஸ்கா மேசையில் இப்போது மாமனார் பூச்சட்டி வைத்திருப்பதாகக் கேள்வி.

அழைப்பு வந்த அன்று என் தொலைபேசி இரண்டுமுறை அடித்தது. முதலில் வெர்னன். அரைமணி நேரம் கழித்து இங்க்ரிட். பதினோரு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"நான் அப்பவே சொன்னேன்."

சிரித்தாயிற்றா? நல்லது. இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பையன் கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கிவந்த நாளன்று, "மூளை இருக்கு, உக்காந்து படிக்கறதில்ல, அவ்ளோதான்" என்று யாரோ விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண் தொண்ணூற்றெட்டு வாங்கியிருக்கிறாள் என்று கேட்டதும், "எல்லாம் மனப்பாடம்" என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். காலையில் தையல்காரர், மாலையிலும் தையல்காரர். உங்கள் பையனே ஒருநாள் தவறிப்போய் தொண்ணூறு வாங்கிவிட்டால் கால்குலேட்டரைக் கையில் எடுத்துக்கொள்வீர்கள், தெரியும். அது போகட்டும். அந்தப் பெண் நாளைக்கு எங்காவது பெரிய இடத்தில் போய் உட்கார்ந்தால், அவள் அப்பாவுக்கு முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன சொல்லப்போகிறீர்கள்?