நாற்பதாயிரம் இதயங்கள்

மருத்துவ அறிவியலுக்கு ஆதியிலிருந்தே ஒரே ஒரு குறைதான்: அதற்கு யாரும் ‘லைக்’ போட முடியாது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த புகழ், பராகுவேயின் தென்கோடியில் வெளிவரும் ‘தெற்கின் நலம்’ என்ற மருத்துவ மாத இதழுக்கே உரியது. ஆய்வேடுகளைப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன், சமூக வலைத்தளப் பதிவுகளையே இனி ‘ஆதாரம்’ என்று அடிக்குறிப்பில் போடலாம் என அதன் ஆசிரியர் டாக்டர் புல்ஹென்சியோ ஒகாம்போஸ் ஆணையிட்டார்.

துணையாசிரியர் டாக்டர் அன்செல்மா இராலாவுக்கு மட்டும் இந்தப் புரட்சி செரிக்கவில்லை. டெங்கு சிறப்பிதழை மெய்ப்புப் பார்த்தவர், ஓர் அடிக்குறிப்பைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து ஆசிரியரிடம் ஓடினார்.

“டாக்டர், டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் போடச் சொல்லுது இந்தக் கட்டுரை! ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடுவாங்க.”

ஒகாம்போஸ் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குவளையில் இன்னும் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் ஊற்றி நிதானமாக உறிஞ்சினார்.

“கீழ ஆதாரம் இருக்கே, பாக்கலையா?”

“பாத்தேன். ‘டெங்கு சூரன்’னு ஒரு பக்கம். நடத்துறவர் சின்ஃபொரியானோ. மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விக்கிறார்.”

“நாப்பதாயிரம் இதயம் விழுந்திருக்கும்மா! எந்த இதய நிபுணர் வாழ்நாள்ல அத்தனை இதயத்தைப் பாத்திருக்கார்?”

அன்செல்மா அன்றே தானும் ஒரு பதிவு போட்டார்: டெங்குவுக்கு ஆஸ்பிரின் ஆகாது, இதோ ஆய்வு முடிவுகள். மறுநாள் அதை ஆசிரியரிடம் நீட்டினார்.

“ஆறே இதயமா?”

“ஆமா டாக்டர்.”

“அதுல சொந்தக்காரங்க?”

“...அஞ்சு.”

“மாதிரி அளவு பத்தாதும்மா,” என்றார் ஒகாம்போஸ், அறிவியலுக்கே உரிய வருத்தத்தோடு.

வேறு வழி தெரியாமல் அன்செல்மா சின்ஃபொரியானோவின் கடைக்கே போன் போட்டார். பதிவைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சலாம் என்று எண்ணம். எடுத்தது அவருடைய அக்கா.

“அவனா? காய்ச்சல் வந்துச்சு, ஊருக்குச் சொன்னதையே தானும் போட்டுக்கிட்டான். மூக்குல, ஈறுல எல்லாம் ரத்தம். சனிக்கிழமை பொதைச்சிட்டோம். அந்தப் பதிவை நான்தான் அழிச்சேன். உங்க புத்தகத்துலயும் இருந்தா அழிச்சிடுங்க, டாக்டரம்மா.”

அன்செல்மா கேட்டதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னார். ஒகாம்போஸ் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்.

“பாவம், நல்ல மேற்கோள். கவலைப்படாத, இதுக்கும் விதிமுறை இருக்கு.” அடிக்குறிப்பின் ஓரத்தில் ‘பதிவு தற்போது கிடைப்பதில்லை’ என்று தன் கையாலேயே சேர்த்தார்.

அன்செல்மா அந்தப் பத்தியையே அடித்து நீக்கிவிட்டு இதழை அச்சகத்துக்கு அனுப்பினார். ஒகாம்போஸ் அச்சகத்துக்கே போய்ப் பத்தியை மீட்டார்; ஆசிரியர் குழுவிலிருந்து அன்செல்மாவின் பெயரை எடுத்தார்.

இதழ் அமோகமாக விற்றது. அடுத்த மாதம் ஊர் மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்தார்கள். அங்கே நேர்ந்த சாவுகளுக்குச் செய்தியாளர்கள் விளக்கம் கேட்டபோது, டாக்டர் ஒகாம்போஸ் மிகுந்த பொறுப்புணர்வுடன் அறிக்கை விட்டார்:

“ஆஸ்பிரினைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை. இறந்தவர்களில் ஒருவர்கூட அப்படிப் பதிவு போடவில்லை.”