அடுப்பில் மறந்த வெங்காயம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம். நேற்று நான் சமைத்ததைச் சாப்பிட்ட பிறகும் சௌக்கியம் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். நான் லாரி ஓட்டும் கிடங்கின் கூரை மழையில் இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்யும் வரை எங்களுக்கு அரைச் சம்பளம், முழு ஓய்வு. உன் தம்பி மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறாள். ஆகவே கரண்டி என் கைக்கு வந்தது. லாரியை ரிவர்ஸில் சந்துக்குள் ஏற்றுகிறவனுக்குச் சமையல் ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியம்தான் அக்கா. சந்தை மூடும் நேரத்தில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போனேன். காய்கறிக்காரம்மா தலையணை அளவில் ஒரு முட்டைக்கோஸை என் தலையில் கட்டிவிட்டார். முதல் நாள் வதக்கினேன், மறுநாள் பருப்போடு சேர்த்தேன், அதற்கடுத்த நாள் முட்டையை உடைத்து ஊற்றினேன். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வதால் மகளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருக்கிறோமே, அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, நேத்து வந்த கோஸே இன்னிக்கு வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்று தள்ளிவைத்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவோ ஒரு குறையும் சொல்லவில்லை. "நான் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுட்டேங்க, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்பாள். என் சமையலிலிருந்து தப்பிக்கிறாள் என்று எனக்கு உள்ளூரக் கோபம். அவளோடு சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவை ரொட்டிக் கடையில் பார்த்தபோது, "உங்க ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவ்வளவு ருசியா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "சாப்பாடா? எங்களுக்கு டீயோட சரி. உங்க வீட்டம்மா அதைக் குடிச்சிட்டேதான் நாள் பூரா நிக்கிறா" என்றார். ரொட்டி வாங்க வந்ததே மறந்துவிட்டது அக்கா. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இருந்தது வெங்காயம், பருப்பு, கொஞ்சம் பூண்டு, பாதி எலுமிச்சம்பழம். பருப்பை வேகவைத்துவிட்டு, வெங்காயத்தை நறுக்கிச் சின்னத் தீயில் எண்ணெயில் போட்டேன். கண் கலங்கியது; வெங்காயம்தான் காரணம் என்று மகளிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனால், குழாய் கையோடு வந்துவிட்டது. பீய்ச்சுகிற தண்ணீரைத் துணியால் அடைத்துக்கொண்டு நின்றதில் அடுப்பு நினைவே இல்லை. ஓடிவந்து பார்த்தால் வெங்காயமெல்லாம் பழுப்பாகச் சுருண்டு கிடக்கிறது. தீய்ந்துவிட்டது என்று பயந்து, அதை மறைக்கப் பூண்டைத் தட்டிப் போட்டு, வெந்த பருப்பைக் கொட்டி, எலுமிச்சையைப் பிழிந்து மூடினேன். கதவு தட்டும் சத்தம். மேல் வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மேன், புகை என்றாலே புகார் சொல்ல வருகிறவர்.

"என்ன தம்பி, ஏதோ வாசனை வருதே?"

"மன்னிச்சுக்கங்க சார், கொஞ்சம் தீஞ்சிடுச்சு."

"தீஞ்சா இப்படியா மணக்கும்?" என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேவிட்டார். ஜட்ஜம்மாவே இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். அவர் மூன்றாவது கரண்டி கேட்டபோது, "தீந்துடுச்சு சார்" என்று சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பொய்தான். முதுகும் சுட்டது.

அவளுடைய அம்மா வேலை முடிந்து வந்தாள். "நான் ஆஸ்பத்திரியிலேயே..." என்று ஆரம்பித்தவள் முன்னால் தட்டை வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் தலை நிமிரவே இல்லை. கடைசியில் சட்டியை விரலால் வழித்துக்கொண்டே, "நாளைக்கும் இதையே வைப்பீங்களா?" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆனாலும் அது தவறிப்போய் வந்த ருசி அக்கா. மறுநாள் வேண்டுமென்றே மறந்து பார்த்தேன், நிஜமாகவே கருகிவிட்டது. இனி என்னால் ஆகாது. நீ உடனே கிளம்பி வந்து, கூரை சரியாகும் வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
விரலில் கொப்புளத்துடன்,
உன் தம்பி

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் கிடங்கு சூப்பர்வைசர் வந்துவிட்டார். கூரை தயாராம், எந்த ஷிப்ட் வேண்டும் என்று கேட்டார். ராத்திரி ஷிப்ட் என்றேன். "எல்லாரும் பகல்தானே கேக்குறாங்க?" என்றார். "பகல்ல வீட்ல சமையல் இருக்கு சார்." "அப்போ எப்பய்யா தூங்குவே?" "பருப்பு வேகிற நேரத்துல" என்றேன். ஆகவே நீ கிளம்ப வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், வழியில் எதையும் சாப்பிடாமல் வா.