கிலோமீட்டர் பாயும் இரண்டு பதினாலும்

இந்தத் தேசத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது சரியாக ஆயிரம் மீட்டர் இருந்த சாலை ஒன்றே ஒன்றுதான். அது பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி போகிற சாலை. காரணம், அந்தச் சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு எண் எழுதியவர் கிலோமீட்டர் பாய்.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. சாலை கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் சம்பளப் பட்டியலில்கூட ‘கல் பெயின்டர்’ என்றுதான் இருந்தது. பத்தமடைக்காரர். ஒல்லி உடம்பு, வெள்ளைத் தொப்பி, மஞ்சள் தெறித்த கைலி. நான் அதே கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். அதாவது, வெயிலில் நின்றுகொண்டு வேலை ஏன் நடக்கவில்லை என்று காரணம் எழுதுகிற உத்தியோகம்.

எங்கள் சாலை மாநில நெடுஞ்சாலையாக இருந்து தேசிய நெடுஞ்சாலையாக உயர்ந்தது. மேடை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆனால் சாலையில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றே ஒன்றுதான். கற்களின் தலையில் இருந்த பச்சை போய் மஞ்சள் வந்தது. மாநிலச் சாலைக்குப் பச்சை, தேசியச் சாலைக்கு மஞ்சள், அதுதான் விதி. ஆக, அந்த வருஷத்துத் தேசிய வளர்ச்சி முழுவதையும் பாய் ஒற்றை ஆளாக, இரண்டு இஞ்ச் பிரஷ்ஷால் செய்து முடித்தார். குழிகள் மட்டும் மாநில அளவிலேயே நின்றுவிட்டன.

“நாலு வழி ரோடு வருதுன்னாவளே, எங்கன பாய்?” என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

“தலை வந்துட்டுல்லா? உடம்பு பைய வரும்,” என்பார் பாய், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தன் கையால் அளக்காத தூரத்தை அவர் எழுதவே மாட்டார். சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, அது கீழே வரும்போதெல்லாம் எண்ணுவார். நானூற்று ஐம்பத்தைந்து சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டர். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை சட்டையின் இடது பையிலிருந்து வலது பைக்கு மாறும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போயிற்று, திரும்பிப் போய் முந்தைய கல்லிலிருந்து ஆரம்பிப்பார். இதைத் தெரிந்துகொண்ட காலேஜ் பையன்கள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, “முந்நூத்தி ஏழு பாய்! இருநூத்திப் பத்து பாய்!” என்று கத்துவார்கள். ஒருநாள் ஒரே கிலோமீட்டரை ஏழு தடவை அளந்தார். இன்னொரு நாள் அவருடைய சொந்த மச்சான், தன் மகள் நிக்காஹுக்குப் பத்திரிகை வைக்க வேனை நிறுத்தி இறங்கியிருக்கிறார். பாய் ‘நில்லு’ என்று கையைக் காட்டிவிட்டு எண்ணிக்கொண்டே போய்விட்டார். அந்த மச்சான் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. கேட்டால், “முந்நூத்தித் தொண்ணூறுல வந்து நின்னா நான் என்ன செய்யட்டும்வே?” என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். ஒரு லேப்டாப், ஒரு டிரோன், தூசி படாத பூட்ஸ். டிரோன் முதல் நாளே பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. மரம் ஏறி அதை இறக்கிக் கொடுத்தவரும் பாய்தான். அந்த நன்றி மேனேஜருக்கு அரை நாள்தான் இருந்தது.

“பாய், இந்த லிஸ்ட்ல இருக்கறதை அப்படியே எழுதிடுங்க. நீங்க ஒண்ணும் அளக்க வேணாம். இது சாட்டிலைட்ல அளந்தது.”

பாய் லிஸ்ட்டை ஒரு பார்வை பார்த்தார். “சார், எல்லாக் கல்லுலயும் மூணு கிலோமீட்டர் கூடுதலா இருக்கு.”

“ஜங்ஷன்ல இருந்து கணக்கு எடுத்திருக்கோம்.”

“ஜங்ஷன்ல இருந்து எதுக்கு? கல்லுல திருநெல்வேலின்னுல்லா எழுதியிருக்கு!”

“ஜங்ஷன்தானேய்யா திருநெல்வேலி?”

எங்கள் ஊரில் வாயைத் திறந்து கேட்கக் கூடாத கேள்வி அது. வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கிய இடத்தையே திருநெல்வேலி என்று நினைத்து ஊர் திரும்பிவிடுவார்கள். எங்களுக்கோ ஜங்ஷன் ஜங்ஷன்தான், பாளையங்கோட்டை பாளையங்கோட்டைதான். கோயிலும் நாலு ரதவீதியும் இருக்கிற டவுன் மட்டுமே திருநெல்வேலி. இதில் பாய், பூசாரி, பாதிரியார் எல்லோரும் ஒரே கட்சி.

பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “சார், ரயிலு நிக்குத எடம் ஜங்ஷன். ஊரு இருக்குத எடம் டவுன். ரயிலு நிக்குத எடமெல்லாம் ஊருன்னா, சிக்னல் கெடைக்காம வயக்காட்டுல நிக்குதே, அதுவும் ஊரா?”

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் கற்களில் லிஸ்ட்டில் உள்ள எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது. வேலை போச்சு என்று மாமனார் வீட்டில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, தகரத்தில் வெட்டிய அச்சும் பெயிண்டு டப்பாவுமாகக் கிளம்பினேன்.

பதினொன்றைப் பதினாலாக்கியதோடு பாங்கு முடிந்து, தொழுகை முடிந்து, பாயும் வருகிற நேரமாகிவிட்டது. என்னால் மாற்ற முடிந்தது எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய நான்கு கற்களைத்தான். டப்பாவை ஒரு கருவேலம் புதரில் வீசிவிட்டு ஓடி வந்தேன்.

விளைவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு அடுத்து பதினொன்று. பிறகு பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. அதற்கு அடுத்த கல்லில் மறுபடியும் பன்னிரண்டு! அங்கிருந்து திரும்பவும் பதிமூன்று, பதினாலு. பார்வையிட வந்த அதிகாரிகள் காரின் ஏசியை விட்டு இறங்காமலே, சாலை மிகவும் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் போன பாமர மக்கள்தான் குழம்பினார்கள். “என்னவே இது, போகப் போகத் திருநெல்வேலி கிட்ட வருது? டிரைவரு ரிவர்ஸ்ல ஓட்டுதாரா?” என்று ஒரு பெரியவர் கண்டக்டரோடு சண்டைக்கே போய்விட்டார்.

பாய் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எப்போதும்போல எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மத்தியானம் என் போன் அடித்தது. மேனேஜர். தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

“யோவ், வண்டி வாய்க்கால்ல கவுந்துடுச்சுய்யா. கால் மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல. தண்ணி ஏறிட்டே இருக்கு. மேல கல்லு தெரியுது, திருநெல்வேலி பதினாலு. சீக்கிரம் வாய்யா, நான்...” அதோடு போன் செத்துப்போனது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து பதினாலாம் கல் என்றேன். பைக்கை எடுத்தபோது, ஆபீஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற பாய் பின்னால் ஏறிக்கொண்டார். “மேனேஜருக்கு ஆக்சிடென்ட்” என்றேன். மேற்கொண்டு விவரம் சொல்லாமல் பைக்கை முடுக்கினேன்.

பதினாலாம் கல்லில் எங்களுக்கு முன்பே ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் நனைந்துகொண்டே கத்தினான். “எங்கன அண்ணாச்சி ஆளு? பதினாலுன்னுதானே சொன்னீய?”

இரண்டு பக்கமும் பனங்காடு. ஜீப்பும் இல்லை, மனிதரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “பாய், வாய்க்கால்ல கெடக்கேன், தண்ணி ஏறுதுன்னாரு. பதினாலாம் கல்லு தெரியுதுன்னாரு பாய்!”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உம்ம பதினாலுல ஏதுவே வாய்க்கா? அவரு எம் பதினாலுல கெடக்காரு.” ஆம்புலன்ஸின் முன்சீட்டில் தாவி ஏறிக் கதவைச் சாத்தினார். “ஏலே, எடு வண்டியை! இன்னும் மூணு கிலோமீட்டர் போவணும்.”

அந்த ‘உம்ம பதினாலு’ என் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

பத்தமடைக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டி வாய்க்கால் வளைகிற இடத்தில், மேனேஜரின் கழுத்துக்கு மேல்தான் வெளியே தெரிந்தது. நாங்கள் இறங்குவதற்குள் பாய் தண்ணீரில் குதித்துவிட்டார். மேனேஜரின் மோவாயைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, “பயப்படாதீய சார், வந்தாச்சு, வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வழியாக வந்த ஒரு டிராக்டர்தான் கயிறு போட்டு ஜீப்பைத் தூக்கியது. அதுவரை அந்த ஒல்லி உடம்பு அசையவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மேனேஜர் பாயின் கையைப் பிடித்தார். பற்கள் தந்தியடிக்க அவர் சொன்னது இதுதான்: “பாய்... திருநெல்வேலின்னா... டவுன்தான்.”

“அது எப்பவும் டவுன்தான் சார். நீங்க பேசாம படுங்க,” என்றார் பாய்.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மேனேஜர் சென்னைக்குப் போனார். தலைமை அலுவலகம் இந்த விபத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, வழியெங்கும் ஆள் உயரத்துக்குப் பளபளக்கும் பலகைகளை நட்டது. எல்லாவற்றிலும் தூரம் ஜங்ஷனிலிருந்து!

அதற்கு முன், ஒரு வெயில் நாளில், பாய் என் நான்கு கற்களையும் திருத்தப் போனார். நானும் கூடப் போனேன். அவர் சுரண்ட, நான் தண்ணீர் ஊற்றினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எப்ப பாய் பாத்தீங்க?”

“அன்னைக்கு சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாலயே பாத்துட்டேன். பெயிண்டு காயலை.”

“பின்னே ஏன் பாய் என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

பாய் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “கேட்டா நீரு வெக்கப்பட்டு வேலைய விட்டுட்டுப் போயிருவீரு. கல்யாணம் வச்சிருக்குத புள்ள. திங்கக்கிழமை அதிகாரிமாரு வந்துட்டுப் போவட்டும், பொறவு அழிச்சு எழுதிக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்த மனுசன் போயி விழுந்துட்டாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய சாலைகளில், எத்தனையோ பெரிய மனிதர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு தப்பான எண்ணைக்கூடச் சகித்துக்கொள்ளாத அந்த மனிதர், எனக்காக அத்தனை நாள் நான்கு தப்பான எண்களைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.