செபமாலைக்காக நிறுத்திய மிஷின்

முத்தையாபுரம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் ஃபிராங்க்ளினுக்கு, வில்பிரட் அத்தான் எழுதுவது. கப்பலிலிருந்து லீவில் மும்பை வந்திருக்கும் நீயும், பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காள் ஹில்டாவின் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. காரணம் நான்தான் என்று நினைக்கிறேன்; யோசித்துப் பார்த்தால், ‘நினைக்கிறேன்’ என்பதும் தேவையில்லை.

படுக்கையிலேயே கிடந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே வந்த புண்ணைப் பக்கத்துச் சதையை நகர்த்தி மூடித் தைக்க வேண்டும். அதற்குமுன் புண் சுத்தமாகிச் சிவந்து வர வேண்டுமென்று, அதில் பஞ்சு வைத்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் வழியே கசிவை உறிஞ்சும் மிஷின் ஒன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவும் பகலும் ஓட வேண்டும், நிறுத்திப்போட்டால் பஞ்சுக்கடியில் கெட்டுவிடும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவும் செய்தேன். அக்டோபர் செபமாலை மாதமல்லவா, எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் ஹில்டாவுக்காகச் செபிக்க வந்தார்கள். ஆரம்பித்ததுமே மிஷின் கொடகொடவென்று உறிஞ்சியது. அன்பியத் தலைவி மெட்டில்டா கண்ணைத் திறந்து, “அண்ணாச்சி, மாதா பேரச் சொல்லுத நேரத்துல இது என்ன, எளநி குடிக்கிற மாதிரி?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகி நிறுத்திவிட்டேன். செபமாலை முடிந்ததும் போட்டுவிடலாம் என்றுதான். அது முடிந்து மன்றாட்டுமாலை, பிறகு பாட்டு, பிறகு காப்பி, காப்பிக்குப் பிறகு மெட்டில்டாவின் மருமகள் கதை. நடுவில் மிஷினைப் போட்டால் எழுந்து போங்கள் என்று சொன்னதாக ஆகிவிடுமே என்று சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தினமும் வந்தார்கள். தினமும் நின்றேன்.

இன்று ஆஸ்பத்திரியில் பஞ்சை மாற்றிய நர்ஸ் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மிஷின்ல ஏதும் கொறையோ?” என்று டாக்டர் கேட்டார். “இருக்கலாம்” என்றேன். மிஷினை மாற்றிவிட்டார்கள், ஃபிராங்க்ளின். ஒரு பாவமும் அறியாத மிஷின்.

அவர்கள் இனியும் வருவார்கள். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை. நீ உடனே வந்து, கப்பலில் பேசுகிற குரலில் வாசலில் நின்று சொல். டாக்டரிடம் உண்மையையும் நீயே சொல்லிவிட்டால் நல்லது.

அந்தோணியார் உன் பிரயாணத்துக்குத் துணையிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
வில்பிரட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவர்கள் வந்துவிட்டார்கள். என் கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று. “தொடாதிய!” என்றாள் உன் அக்காள், கட்டிலிலிருந்து. “ஏளா மெட்டில்டா, இது நின்னா எனக்கு ஆபரேசன் கெடையாது. அது சத்தம் போட்டா நீ அதவிடச் சத்தமாச் செபி.” “இத மொதல்லயே சொல்லப்படாதா மதினி!” என்று மெட்டில்டா தலையில் கைவைத்தாள். மிஷினும் அவர்களுமாகச் செபித்தார்கள். ஆகவே நீ வர வேண்டாம். அவர்கள் போனபின், எல்லாம் தெரிந்தும் இத்தனை நாள் ஏன் பேசாமல் கிடந்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்க சொல்லுவியன்னுதான் காத்துக் கெடந்தேன்” என்றாள்.