மாரித்தாய் மைக் பிடித்தாள்

“ஒன் பேருதான் விழுந்திருக்குக்கா. நீதான் பேசணும்” என்று கூடப் பூக் கட்டும் ரசீதா சீட்டைக் காட்டியதும், மாரித்தாயின் கையிலிருந்த பிச்சிச் சரம் பாதியில் அவிழ்ந்தது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பூக் கட்டும் பெண்கள் பதினாறு பேர். அத்தனை பேருக்கும் ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. மூன்று முறை மனுக் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் அன்று மாலை மார்க்கெட் வாசலில் கூட்டம் போட்டு, நகராட்சி ஆபீசரையும் அழைத்துவிட்டார்கள். யார் பேசுவது என்று குலுக்கிப் போட்டதில் வந்தது அவள் பெயர்.

“ஏட்டி, நாலு பேரு சேந்து பாத்தாலே எனக்கு வேர்க்கும். அதுவும் அந்த வார்த்தைய மைக்குல எப்படிச் சொல்ல?”

“சொன்னாத்தானக்கா கட்டுவாக?”

கேட்க ஆள் குறைந்தால் பயமும் குறையும் என்று மாரித்தாய்க்குத் தோன்றியது. மைக் செட் மூக்காண்டியிடம் போனாள். அவன் பாட்டை அலறவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, சத்தம் பக்கத்துக் கடைக்குக்கூடக் கேக்கப்பிடாது!”

அலறலில் கடைசிச் சொல் அவன் காதில் சரியாக விழவில்லை.

“பக்கத்துக் கடைக்குக்கூடக் கேக்கலயா? இந்தா, இப்பம் பாருங்க!” என்று இரண்டு ஒலிபெருக்கிக் குழாயை நாலாக்கி, ஒன்றை பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பிக் கட்டினான்.

அடுத்து, பூ வாங்க வந்தவர்களிடமெல்லாம் “இன்னைக்குக் கூட்டம் கிடையாது” என்று சொல்லிவைத்தாள்.

பதினொரு மணிக்கு அது ‘கூட்டத்துக்குத் தடை’ என்று ஆனது. இரண்டு மணிக்கு, ‘மாரித்தாயைப் பிடிக்கப் போலீசு வருதாம்’ என்று கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு மார்க்கெட் வாசலில் சைக்கிள் தள்ள இடமில்லை.

மாரித்தாய் அழாத குறையாக ரசீதாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

“நல்லா ஆளைக் கொறைச்சேக்கா!” என்று சிரித்தபடி ரசீதா அவளை மேடையில் ஏற்றிவிட்டாள்.

முன்வரிசையில் ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘கோவமா இருக்காரு போல’ என்று நினைத்துக்கொண்டே மாரித்தாய் மைக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மைக் கீச்சிட்டது.

“பூக்காரிக்கு எதுக்கு வே பேச்சு?” என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது.

மாரித்தாய் அவன் நின்ற திசையைப் பார்த்தாள்.

“சொல்லுதேன், கேளும். காலையில நாலு மணிக்கு இங்கன வாரோம். பொழுதடைஞ்சுதான் வீட்டுக்குப் போறோம். நாக்கு வறண்டாலும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டோம். ஏன்? குடிச்சா எங்கன போக? கோயிலுக்குப் பூ எங்க கையில கட்டுனது. ஒம்ம கல்யாண மாலையும் எங்க கையில கட்டுனதுதான். எங்களுக்கு ஒரு கக்கூசு கட்டித் தாங்க!”

நாலு குழாயிலும் அந்த வார்த்தை பஸ் ஸ்டாண்டு வரை போனது.

முதலில் பூக்காரிகள் கை தட்டினார்கள். கடைக்காரர்கள் தட்டினார்கள். கத்தியவனும் தட்டினான். ரசீதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்கு வேர்க்கவே இல்லை என்பது மாரித்தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஐயா, எப்பம் கட்டித் தருவீக? மேல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க!”

ஆபீசர் எழுந்தார். மைக்கைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

விடுவதாக இல்லை என்று மாரித்தாய் மேடையை விட்டு இறங்கி ஆபீசரை நோக்கி நடந்தாள். ஆபீசரின் பியூன் குருநாதன் ஒரு காகிதத்தோடு ஓடிவந்து குறுக்கே நின்றான்.

“யக்கா, கோவப்படாதீக. எங்க ஐயா காலையிலயே கக்கூசு கட்டுத உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டாக. ஆனா மைக்கைக் கண்டா அவுகளுக்கு நாக்கு ஒட்டிக்கிடும். இதையும் நீங்களே வாசிச்சிருங்களேன்.”